குல்மார்க்கில் 41 முறை விழுந்தேன்... பெரம்பலூரில் அம்மா வண்டி எடுத்தார்!

“நீ அங்க போய்ப் பார்த்துட்டுதான் எழுதினியா பாப்பா?”

2023 டிசம்பரில் ஒரு ராத்திரி, அம்மா போனில் கேட்ட கேள்வி இது. ‘குளிர்காலத்தில் குல்மார்க்: தவறவிடக் கூடாத 10 அனுபவங்கள்’ என்று நான் எழுதிய கட்டுரையை யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் போட, அது சுற்றிச் சுற்றிப் பெரம்பலூர் மாவட்டத்தில் அம்மா வேலை பார்க்கும் அங்கன்வாடி வரைக்கும் போய்விட்டது. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமலேயே காஷ்மீர் என்ன, அன்டார்டிகாவையே சுற்றிக்காட்டிவிடுவோம்.

“இல்லம்மா... நெட்ல பார்த்து எழுதினதுதான்.”

“அப்ப உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சரி, சாப்பிட்டியா?”

அம்மா அத்தோடு விட்டுவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்தப் பத்தில் நான்காவதாக நான் எழுதியிருந்தது இது: ‘ஸ்நோபோர்டிங்... புதியவர்களும் எளிதாகக் கற்றுக்கொள்ளலாம்!’ அந்த ‘எளிதாக’ என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது? வாக்கியம் முழுமையாக இருக்க வேண்டும் என்று நானே போட்டதுதான். இதழியல் டிப்ளமோவில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது, ‘தெரியாததை எழுதாதே’ என்பதைத்தான்.

அடுத்த வாரமே மூன்று வருடம் கட்டிய வங்கி ஆர்.டி-யை முடித்தேன். அந்தப் பணம் என் கல்யாணத்துக்கு என்று அம்மா மனதில் எழுதிவைத்திருந்தது. “இந்தக் காசுல ஒரு செயின் எடுத்திருக்கலாம்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மக்காச்சோளம் அறுப்பு நேரம் என்பதால் தப்பித்தேன்.

பனைமட்டை வண்டி

பெரம்பலூர்க்காரிக்கு சறுக்குவது ஒன்றும் புதிது இல்லை. எங்கள் அம்மாச்சி வீடு காரை பக்கம். அந்தப் பகுதியில் மழை நீர் அரித்து அரித்து, நிலம் மடிப்பு மடிப்பாக, பள்ளமும் மேடுமாகக் கிடக்கும். செடிகொடி அதிகம் இல்லாத வெறும் களிமண் சரிவுகள். கோடை விடுமுறையில் பனைமட்டையில் ஒருத்தர் உட்கார, இன்னொருத்தர் இழுத்துக்கொண்டு ஓடுவோம். சரிவு வந்ததும் இழுப்பவர் விட்டுவிட வேண்டும். மிச்சத்தை மட்டை பார்த்துக்கொள்ளும். பாவாடை கிழிந்து வீட்டுக்குப் போனால் அம்மாச்சி பார்த்துக்கொள்ளும்!

அந்த மண்ணில் துப்பாக்கித் தோட்டா மாதிரி கற்களும், நத்தை போலச் சுருண்ட கற்களும் கிடைக்கும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்ததற்கான சாட்சிகள் அவை. தோட்டா போல இருப்பவை, கணவாய் மீனின் தூரத்துச் சொந்தமான ஓர் உயிரினத்தின் மிச்சம். அரியலூர் பக்கம் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போனால், இதையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். நாங்கள் அதைவைத்து ஐந்தாங்கல் ஆடினோம்.

ஆக, சறுக்குவது தெரியும். நின்றுகொண்டு சறுக்குவதுதான் தெரியாது.

பனியே இல்லாத பனிச்சறுக்கு ஊர்

டிக்கெட் போட்டாயிற்று, விடுமுறை வாங்கியாயிற்று. 2024 ஜனவரி பிறந்தது. டெஸ்க்கில் நான் போட வேண்டியிருந்த செய்தியே எனக்கு எதிரியாக வந்தது. ‘பனி இல்லாமல் வெறிச்சோடிய குல்மார்க்!’ நடு ஜனவரியில் வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டிய புல்வெளி, காய்ந்துபோய் பழுப்பாகக் கிடந்த படங்கள் வந்தன. நானே தலைப்பு வைத்தேன். நானே வயிற்றில் புளி கரைத்துக்கொண்டேன். நல்லவேளை, ஜனவரி கடைசியில் பனி கொட்ட ஆரம்பித்தது. நான் பிப்ரவரி இரண்டாவது வாரம் போய்ச் சேர்ந்தபோது, முழங்கால் உயரத்துக்கு இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இனிமேல் போகிறவர்களுக்கு இது முக்கியம். அடுத்த ஆண்டும் இதே கதைதான். கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளின் குல்மார்க் சுற்று, போதுமான பனி இல்லாமல் 2025 பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. நம் ஊரில் பருவமழையை நம்பிப் பருத்தி விதைப்பதுபோல, அங்கே பனியை நம்பிப் பிழைப்பு நடக்கிறது. தேதியை மாற்ற முடிகிற டிக்கெட்டாகப் போடுங்கள்.

சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து ஸ்ரீநகர் விமானம். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். தங்மார்க் என்ற ஊரோடு நம் டாக்ஸி நின்றுவிடும். மேலே ஏற, சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாற வேண்டும். (இப்போது ரயிலிலேயும் போகலாம். 2025 ஜூனிலிருந்து கத்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் நடுவே வந்தே பாரத் ஓடுகிறது. பெரம்பலூருக்கு எப்போது ரயில் வரும் என்று கேட்காதீர்கள். நாங்கள் இன்னும் அரியலூருக்குப் போய்த்தான் ரயில் ஏறுகிறோம்!)

இன்னொரு விஷயம், ஸ்ரீநகரில் இறங்கியதும் என் போன் செத்துப்போனது. வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். இது தெரியாமல் போனதால் ஓட்டல் வைஃபை கிடைக்கும் வரை ஆறு மணி நேரம் அம்மாவுக்கு நான் காணாமல்போன பெண். போன் கிடைத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: “பனியில நிக்காத, தலையில துணி கட்டிக்கிட்டியா?”

எங்களுக்குப் பனி என்றால், மார்கழி விடிகாலையில் தலையில் இறங்குவது. அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை கொட்டிக்கிடந்ததை அம்மாவுக்கு எப்படி விளக்குவது? வீடியோ காலில் காட்டினேன். “உப்பளம் மாதிரி இருக்கு” என்றார். நான் கட்டுரையில் எழுதிய எதையும்விட அது சரியாக இருந்தது.

குல்மார்க்கின் உயரம் சுமார் 2,650 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். கிட்டத்தட்ட ஒரே உயரம்தான்! ஆனால், ஊட்டியில் உறைபனி மட்டும்தான். குல்மார்க் வடக்கே வெகுதூரம் தள்ளி இருப்பதும், மேற்கிலிருந்து வரும் குளிர்கால மேகங்கள் அங்கே மோதுவதும்தான் வித்தியாசம்.

“பருத்தி போடக் கூடாது!”

என் பயிற்சியாளருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஃபெரன் என்கிற நீண்ட அங்கிக்குள் காங்கிரி எனப்படும் கணப்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு, என் உடையை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று இந்தியில் கேட்டார். “காட்டன் டி-ஷர்ட்” என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்றார். உள்ளே செயற்கை இழை அல்லது கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், வெளியே தண்ணீர் புகாத ஜாக்கெட், பேன்ட். இதுதான் அங்கே உடுத்தும் முறை. பருத்தி விளைகிற மாவட்டத்திலிருந்து போனவளுக்கு முதல் பாடமே ‘பருத்தி வேண்டாம்’!

வாங்க வேண்டியது அதிகம் இல்லை. போர்டு, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். பயிற்சியாளர் கட்டணத்தையும் வாடகையையும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். மத்திய சுற்றுலாத் துறையின் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனமும் குல்மார்க்கில் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. நாள்கணக்கில் கற்க நினைப்பவர்கள் முன்கூட்டியே பதிவு செய்யலாம். சன்ஸ்க்ரீனும் கண்ணாடியும் கட்டாயம். புதுப்பனி, புற ஊதாக் கதிர்களில் 80 சதவிகிதம் வரை திருப்பி அடிக்கும். நான் முதல் நாள் சோம்பலில் தாடைக்குக் கீழே தடவவில்லை. கீழேயிருந்து வந்த வெயிலில் அந்த இடம் மட்டும் கருத்துப்போனது.

போர்டு தேர்ந்தெடுக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. செங்குத்தாக நிறுத்தினால் நம் தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் வர வேண்டும். புதியவர்களுக்குக் கொஞ்சம் குட்டையாக, வளைந்துகொடுப்பதாக இருந்தால் நல்லது. பூட்ஸ்தான் போர்டைவிட முக்கியம். உள்ளே குதிகால் தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

அடுத்து எந்தக் கால் முன்னால்? நான் எதிர்பார்க்காதபோது முதுகில் லேசாக ஒரு தள்ளு தள்ளினார். விழாமல் இருக்க வலது காலை முன்னால் வைத்தேன். “கூஃபி!” என்று சிரித்தார். இடது கால் முன்னால் வந்தால் ‘ரெகுலர்’. வலது கால் என்றால் ‘கூஃபி’. இரண்டும் சரிதான். பனைமட்டையை நிறுத்தவும் நான் வலது காலைத்தான் ஊன்றுவேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முதல் பாடம் விழுவது!

போர்டில் ஏறலாம் என்று ஆசையாகப் போனால், அவர் என்னைப் பனியில் உட்காரச் சொன்னார். “முதல்ல விழக் கத்துக்கோங்க மேடம்.”

ஸ்நோபோர்டில் இரண்டு கால்களும் ஒரே பலகையில் கட்டப்பட்டிருக்கும். ஸ்கீயில் தடுமாறினால் ஒரு காலைத் தள்ளி வைத்துச் சமாளிக்கலாம். இதில் அது முடியாது. அதனால், விழும்போது கை தானாகத் தரையை நோக்கி நீளும். உடம்பின் மொத்த எடையும் விரித்த உள்ளங்கை வழியாக மணிக்கட்டில் இறங்கும். ஸ்நோபோர்டு கற்கும் புதியவர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டில்தான் என்றார்.

“கையை மூடுங்க. முஷ்டி. பின்னால விழுந்தா தாடையை நெஞ்சோட ஒட்டிக்கிட்டு, உட்கார்ற மாதிரி உருளுங்க. முன்னால விழுந்தா முதல்ல முட்டி, அப்புறம் முழங்கைவரைக்கும் மொத்தக் கை. உள்ளங்கையை மட்டும் கொடுக்காதீங்க.”

அவர் சொல்லச் சொல்ல, எனக்கு அம்மாவின் வலது கை கண் முன்னால் வந்து நின்றது.

2018-ல் வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க, தமிழக அரசு ‘அம்மா இருசக்கர வாகனத் திட்ட’த்தைக் கொண்டுவந்தது. பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். 40 வயதுக்குள் இருக்க வேண்டும், உரிமம் வேண்டும். அம்மாவுக்கு அப்போது 39. அங்கன்வாடி எங்கள் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தவறவிட்டால் நடைதான். அம்மாவுக்கு ஒரு வண்டி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது கல்லூரியில் இருந்த எனக்குப் புரியவில்லை.

சித்தியின் ஸ்கூட்டியை வாங்கிப் பழக ஆரம்பித்தார். நான்காவது நாள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வர, பயந்து ஆக்ஸிலேட்டரை முறுக்கி, டீக்கடை முன்னால் விழுந்தார். கை ஊன்றினார். மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே கட்டுக் கட்டிக்கொண்டதில், எலும்பு கொஞ்சம் கோணலாகவே கூடியது. இன்றைக்கும் அந்தக் கையால் தண்ணீர்க்குடம் தூக்க மாட்டார்.

அதைவிட வலித்தது வேறு. டீக்கடையில் இருந்தவர்கள் தூக்கிவிட்டார்கள்தான். ஆனால், தூக்கிவிட்டபடியே சிரித்தார்கள். “இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்?” அப்பாவும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார். “நான்தான் கொண்டுபோய் விடறேன்ல?” அவருடைய டி.வி.எஸ் எக்ஸ்.எல்-லில் பின்னால் உட்கார்ந்து போக ஆரம்பித்தார். வயல் வேலை இருக்கிற நாளில் நடந்தார். அம்மாவுக்கு 40 முடிந்தது. அதன்பிறகு வண்டிப் பேச்சே எங்கள் வீட்டில் வரவில்லை.

விழுவதற்கு ஒரு முறை உண்டு என்று அம்மாவுக்கு யாருமே சொல்லித்தரவில்லை. ஓட்டுவதற்கு மட்டும்தான் சொல்லித்தந்தார்கள்.

உதிரும் இலை

முதல் நாள் ஒரு காலை மட்டும் போர்டில் கட்டி, இன்னொரு காலால் உந்தி உந்திப் போகப் பழக்கினார். சின்னப் பிள்ளைகள் விளையாட்டு ஸ்கூட்டரைத் தள்ளுவது போல. பிறகு இரண்டு கால்களையும் கட்டி, சரிவுக்குக் குறுக்காகப் போர்டை நிறுத்தி, குதிகால் விளிம்பை மட்டும் பனியில் அழுத்திக்கொண்டு மெதுவாக வழுக்கி இறங்குவது. போர்டின் இரண்டு ஓரத்திலும் இரும்பு விளிம்பு இருக்கும். அதுதான் பிரேக், அதுதான் ஸ்டியரிங். எப்போதும் மலை மேலே இருக்கும் பக்கத்து விளிம்புதான் பனியைக் கடிக்க வேண்டும். தப்பித்தவறி கீழ்ப்பக்க விளிம்பு கடித்துவிட்டால், யாரோ காலை வாரிவிட்டது போல ஒரே நொடியில் தரையில் கிடப்போம்.

நான் கிடந்தேன். எண்ணிக்கொண்டே வந்தேன். முதல் நாள் மட்டும் 41 முறை.

எழுந்திருப்பதே தனி வித்தை. உட்கார்ந்த நிலையிலிருந்து எழ முடியாமல் தவித்தபோது, “குப்புறத் திரும்புங்க, முட்டி போட்டு எழுந்திருங்க” என்றார். அது சுலபமாக இருந்தது. பக்கத்தில் ஐந்து வயது உள்ளூர்ப் பையன் ஒருவன், கட்டைப் பலகை ஒன்றில் நின்றபடி என்னைச் சுற்றி வந்தான். டீக்கடைச் சிரிப்பு ஞாபகம் வந்து எனக்கு முகம் சுண்டியது. ஆனால், அவன் சிரிக்கவில்லை. அங்கே யாருமே சிரிக்கவில்லை. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் பொத்துபொத்தென்று விழுந்துகொண்டிருந்தார்கள். விழுகிற இடத்தில் எல்லோரும் விழுந்தால், வெட்கம் என்று ஒன்று இருக்காது போல.

தேநீர் இடைவேளையில் பயிற்சியாளர் ரோஜா நிறத்தில் ஒரு டீ வாங்கிக்கொடுத்தார். நூன் சாய், உப்புப் போட்ட டீ! முதல் வாய்க்கு முகம் சுளித்தேன். 41 முறை விழுந்தவளுக்கு இரண்டாவது வாய் அமிர்தமாக இருந்தது.

அப்போதுதான் இந்தப் பலகையின் கதையை யோசித்துக்கொண்டிருந்தேன். 1965 கிறிஸ்துமஸ் அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர், தன் மகள்கள் விளையாட இரண்டு ஸ்கீ பலகைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு வண்டி செய்துகொடுத்தார். ‘ஸ்நர்ஃபர்’ என்று பெயர். அதைப் பார்த்து வளர்ந்த ஜேக் பர்ட்டன் கார்பென்டர், 1977-ல் அதை மேம்படுத்தி விற்க ஆரம்பித்தார். 1998 நகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்நோபோர்டிங் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதே ஒலிம்பிக்கில்தான் 16 வயது சிவ கேசவன், இந்தியாவுக்காக லூஜ் பனிச்சறுக்கு வண்டியில் இறங்கினார். குல்மார்க் மண்ணில் பழகிய ஆரிஃப் கான், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போன ஒரே இந்தியர். ஜெயன்ட் ஸ்லாலம் ஸ்கீ போட்டியில் 45-வது இடம் பிடித்தார். அந்த 45-வது இடம் எவ்வளவு பெரியது என்பது, அந்தச் சரிவில் கவிழ்ந்து கிடந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டாவது நாள் ‘உதிரும் இலை’. மரத்திலிருந்து விழும் இலை இப்படியும் அப்படியுமாக ஆடி ஆடி இறங்குவதுபோல, ஒரே விளிம்பில் இடதும் வலதுமாக இறங்க வேண்டும். எந்தப் பக்கம் பார்க்கிறோமோ அந்தப் பக்கம்தான் போர்டு போகும். நான் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன், காலடியிலேயே விழுந்துகொண்டிருந்தேன். “அக்கா, கீழ பாக்காதே!” என்று திடீரென்று தமிழில் ஒரு குரல். திரும்பினால் என் பயிற்சியாளர்! நம் ஊர்ப் பயணிகளிடம் பொறுக்கிய தமிழ். “பயம் வேணாம்”, “போதும்”, “மெதுவா” எல்லாம் வைத்திருந்தார். மொத்தம் ஏழெட்டுச் சொற்கள்தான். எதையாவது கற்றுக்கொடுக்க அவ்வளவு போதும்.

அன்றைக்கு 23 முறை.

மூன்றாவது நாள் திருப்பம். குதிகால் விளிம்பிலிருந்து விரல் விளிம்புக்கு மாற வேண்டும். நடுவில் ஒரு நொடி போர்டு நேராகக் கீழே பார்க்கும். அந்த ஒரு நொடிதான் மொத்தப் பயமும். உடம்பு பின்னால் சாயப் பார்க்கும். சாய்ந்தால் முன்பக்கம் கட்டுப்பாடு போய்விடும். பயமாக இருக்கும்போதுதான் முன்காலில் எடையைப் போட வேண்டும். மதியத்துக்கு மேல் ஒரு தடவை அது நடந்தது. இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு. திரும்பிப் பார்த்தால் பனியில் ஒரு கோணல்மாணல் கோடு. ஆர்.டி.ஓ மைதானத்தில் போடுவோமே, ‘எட்டு’. அதில் பாதி!

அன்றைக்கு 9 முறை.

கொண்டோலாவின் முதல் கட்டத்தில் ஏறி வேடிக்கை பார்த்ததோடு சரி. சுமார் 3,950 மீட்டர் உயரத்துக்குப் போகும் இரண்டாவது கட்டம், தேர்ந்தவர்களுக்கு. பனிச்சரிவு ஆபத்து உள்ள மலை அது. மூன்று நாள் பழக்கத்தை நம்பி யாரும் அங்கே பலகையோடு இறங்க வேண்டாம். மேலேயிருந்து பார்த்தபோது ஒன்று தோன்றியது. இந்த இமயமலையும் ஒரு காலத்தில் கடலடிதான். ஸ்ரீநகருக்குப் பக்கத்தில் கோன்மோ என்ற இடத்தில் 25 கோடி ஆண்டுப் பழைய கடல் உயிரினங்களின் படிவங்கள் இருக்கின்றன. காரையும் கடல், காஷ்மீரும் கடல். அவ்வளவு தூரம் வந்தும் ஒருவிதத்தில் சொந்த ஊர் மாதிரிதான்.

“எப்படி விழணும்? காட்டு”

மூன்றாம் நாள் ராத்திரி அம்மாவுக்கு வீடியோக்கள் அனுப்பினேன். நன்றாகப் போன ஒன்றையும், விழுந்த பதினைந்தையும். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“மொத்தம் எத்தனை தடவை?”

“73.”

“கை ஊனலையா?”

“ஊனக் கூடாதும்மா. மூடிக்கணும். அதான் முதல் பாடமே.”

“எப்படி? காட்டு.”

ஓட்டல் அறையில் போனை ஜன்னலில் சாய்த்துவைத்துவிட்டு, கட்டில் மேல் விழுந்து விழுந்து காட்டினேன். அம்மா உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “ம்ம்” என்று மட்டும் சொன்னார்.

மார்ச்சில் ஊருக்குப் போனபோது வாசலில் சித்தியின் பழைய ஸ்கூட்டி நின்றிருந்தது. “சும்மாதான் கிடந்துச்சாம். எட்டாயிரத்துக்கு எடுத்துக்கச் சொன்னா” என்றார் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். அப்பா எதுவும் தெரியாதவர் போல மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

அறுப்பு முடிந்து காலியாகக் கிடந்த சோளக் கொல்லையில், பொழுது சாய்ந்த பிறகு பழகினோம். முதலில் இன்ஜினே போடவில்லை. வண்டியில் உட்கார்ந்து இரண்டு கால்களாலும் உந்தி உந்திப் போகச் சொன்னேன். அந்த ஒற்றைக்கால் பாடம்தான். சின்னப்பிள்ளைகள் போடும் முழங்கால் கவசமும், மணிக்கட்டுக் கவசமும், ஹெல்மெட்டும் சென்னையிலிருந்து வாங்கிப் போயிருந்தேன். “வண்டியோட சேர்ந்து போகாதம்மா, வண்டியை விட்டுரு. கையை நெஞ்சோட வெச்சுக்கோ” என்று வைக்கோல் மேல் விழவும் பழக்கினேன். பனியில் விழுவது வேறு, வண்டியிலிருந்து விழுவது வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால், எனக்குத் தெரிந்ததைத்தானே நான் சொல்லித்தர முடியும்? எல்லாவற்றுக்கும் மேலே, “சக்கரத்தைப் பாக்காத, போற இடத்தைப் பாரு.”

மூன்றாம் நாள் விழுந்தார். வரப்பில் சக்கரம் ஏறி, வண்டி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். நான் ஓடுவதற்குள் அப்பா ஓடினார். எங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது! அம்மா புழுதியில் உட்கார்ந்தபடி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். இரண்டும் முஷ்டியாக மூடியிருந்தன.

“ஒண்ணு” என்றார்.

அப்பா அங்கேயே நின்றார். “போதும், வா” என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். “ஹேண்டில் கோணிக்கிச்சு. நிமித்தித் தர்றேன். நாளைக்கு ஓட்டு” என்றார்.

அடுத்த சில மாதங்களில் எல்.எல்.ஆர் வந்தது. ‘எட்டு’ போடும்போது முதல் தடவை கால் ஊன்றிவிட்டார். ஃபெயில். இரண்டாவது தடவை பாஸ். மானியத்துக்கான வயதைத் தாண்டி ஐந்து வருடம் கழித்து, 45 வயதில் உரிமம் கைக்கு வந்தது. இப்போது அங்கன்வாடிக்குத் தானே போகிறார். லாரி ஓடும் பெரிய ரோட்டில் மட்டும் இன்னும் ஏறுவதில்லை. உள்வழியாகச் சுற்றிப் போகிறார். நானும் இன்னும் குல்மார்க்கின் இரண்டாவது கட்டத்துக்கு ஏறவில்லை. ஆளுக்கொரு சரிவு.

காஷ்மீர் தூரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. பலகையின் மீது பக்கவாட்டில் நிற்கப் பழக நம் கடற்கரையே போதும். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்குப் பயிற்சி கிடைக்கிறது. மாமல்லபுரத்துச் சிறுமி கமலியின் ஸ்கேட்போர்டு ஆர்வம் 2019-ல் குறும்படமாகி, பாஃப்டா விருதுப் பரிந்துரை வரை போனது. பனி இருந்தால்தான் பலகை என்று இல்லை.

திரும்பி வந்த வாரமே அந்தப் பழைய கட்டுரையைத் திறந்தேன். நான்காவது பாயின்ட். ‘எளிதாக’ என்ற சொல்லை நீக்கினேன். அந்த இடத்தில், ‘முதல் நாள் 40 முறையாவது விழுவீர்கள். மணிக்கட்டுக் கவசம் அணியுங்கள்’ என்று சேர்த்தேன்.

போன வாரம் அம்மா போன் செய்தபோது சொன்னேன். “அந்தக் கட்டுரையைத் திருத்திட்டேன்மா.”

“படிச்சேன். நல்லாருக்கு” என்றார். “சரி, வெச்சிரு பாப்பா. வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாது. ஓரமா நிறுத்திட்டுத்தான் பேசுறேன். பிள்ளைங்க காத்திருக்கும்.”